கேனுக்குள் எந்தப் பழம்?

ஜப்பானின் மருந்துக் கடைகளில் லிபோவிட்டான் டி என்றொரு பானம் விற்கிறார்கள். 100 மில்லி கொள்ளும் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில். பார்த்தால் இருமல் மருந்து என்றுதான் தோன்றும். மூடியைத் திருகியதும் அன்னாசியை நினைவூட்டும் ஓர் இனிய வாசனை எழும். அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருக்கும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை டப்பாவைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அதே வாடை. தயமின் எனப்படும் பி1 வைட்டமினின் மூலக்கூறில் கந்தகம் உண்டு. அதன் வேலை அது. இரண்டு மிடறில் பாட்டில் காலி. தைஷோ மருந்து நிறுவனம் 1962-இல் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தப் பானத்தில் இருக்கும் முக்கியச் சரக்கு 1 கிராம் டாரினும் 50 மில்லிகிராம் காஃபீனும். மறு ஆண்டே தென்கொரியாவில் டாங்-ஆ நிறுவனத்தின் பாக்கஸ் பானம் வந்தது. அதுவும் மருந்து பாட்டில்தான், அதிலும் டாரின்தான்.

இன்று மாம்பழம், ஆரஞ்சு, கொய்யா, தர்பூசணி என்று படம் போட்டு உலகம் முழுக்க விற்கும் எனர்ஜி டிரிங்க் கேன்களில் பெரும்பாலானவை இந்த மருந்து பாட்டில்களின் வழியில் வந்தவை. முதலில் இருந்தது காஃபீனும் டாரினும் வைட்டமினும். அவற்றின் கசப்பையும் வாடையையும் மூடுவதற்குப் பழம் பின்னால் சேர்ந்தது. இந்த வரிசை மனதில் இருந்தால், நாட்டுக்கு நாடு இந்தப் பானங்கள் ஏன் இப்படிச் சுவைக்கின்றன என்பது ஒவ்வொரு மிடறிலும் பிடிபடும். எந்தச் சுவையை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதும் பிடிபடும். அந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

டாரினைப் பற்றி ஒரு வார்த்தை. 1827-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டீடமான், கிமெலின் என்ற இருவர் மாட்டுப் பித்தநீரிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். அதனால் காளை மாட்டின் எதையோ கேனில் கலக்கிறார்கள் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. பானங்களில் சேர்ப்பது ஆலையில் தொகுத்துச் செய்யப்படும் டாரின். நம் உடலே இதைத் தயாரிக்கிறது, மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது. பிரான்ஸ் டாரினைக் காரணம் காட்டி ரெட் புல்லை 2008 வரை கடைக்குள் விடவில்லை. அடுத்த ஆண்டே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பானங்களில் உள்ள அளவுக்கு டாரினால் கவலையில்லை என்றது. நாம் கவனிக்க வேண்டிய ஆள் டாரின் இல்லை.

தாய்லாந்துக்கு வருவோம். மருந்து வியாபாரியான சாலியோ யூவித்யா 1970களின் நடுவில் கிராட்டிங் டேங் என்ற பானத்தை உருவாக்கினார். லாரி ஓட்டுநர்களும் இரவு வேலைக்காரர்களும் கூலித் தொழிலாளர்களும் அதன் வாடிக்கையாளர்கள். பற்பசை நிறுவனமொன்றில் வேலை பார்த்த ஆஸ்திரியாவின் டீட்ரிஷ் மாட்டஷிட்ஸ் 1982-இல் இந்தப் பானத்தைக் கண்டார். நீண்ட விமானப் பயணத்தின் அசதி அதனால் தெளிந்ததாம். 1984-இல் இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். 1987 ஏப்ரல் 1 அன்று ரெட் புல் ஆஸ்திரியாவில் விற்பனைக்கு வந்தது.

தாய்லாந்து பாட்டிலையும் ஆஸ்திரியக் கேனையும் அடுத்தடுத்துக் குடித்தால், இரண்டும் ஒரே குடும்பம் என்று சொல்லவே முடியாது. கிராட்டிங் டேங்கில் வாயு கிடையாது. பாகுபோல நாக்கில் படிந்து, விழுங்கிய பிறகும் இனிப்பு அங்கேயே நிற்கும். ரெட் புல் குத்தும், புளிக்கும், சட்டென்று விலகும். ஆனால் ரெட் புல்லை இரண்டு டம்ளர்களுக்கு இடையே டீ ஆற்றுவதுபோல நன்றாக ஆற்றி, அறை வெப்பத்துக்கு வரவிட்டுக் குடித்துப் பாருங்கள். அது தாய்லாந்தின் பக்கம் வெகுதூரம் நகர்ந்து வந்திருக்கும். செய்முறையில் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிய வேறுபாடு வாயுவிலும் குளிரிலும் இருக்கிறது.

கரியமில வாயுவை நாம் தொடு உணர்ச்சி என்று நினைக்கிறோம். குமிழி வெடிப்பதுதான் குத்துகிறது என்று. ஆனால் நாக்கில் புளிப்பை உணரும் செல்களின் மேற்பரப்பில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 4 என்ற நொதி இருக்கிறது. அது கரியமில வாயுவைத் தண்ணீரோடு சேர்த்து அமிலத்தன்மையை உண்டாக்குகிறது. செல் அதைப் புளிப்பாக உணர்கிறது. 2009-இல் எலிகளில் இது நிரூபிக்கப்பட்டது. மலையேறுபவர்களுக்கு இது வேறு வழியில் முன்பே தெரியும். உயரத்தில் வரும் தலைசுற்றலுக்கு அவர்கள் போட்டுக்கொள்ளும் அசெட்டாசோலமைடு மாத்திரை இந்த நொதியை முடக்குகிறது. அதைப் போட்டவர்களுக்குச் சோடாவும் பியரும் சப்பென்று ஆகிவிடும். குமிழி அப்படியே இருக்கும், சுருக்கென்ற அந்தச் சுவை இருக்காது.

குளிரின் கதை இன்னும் நுட்பமானது. இனிப்பை உணரும் செல்களுக்குள் டிஆர்பிஎம்5 என்றொரு அயனி வாயில் இருக்கிறது. வெப்பம் கூடினால் அது அதிகம் திறக்கும், குறைந்தால் சோம்பும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் 2005-இல் இதை விளக்கினார்கள். ஐஸ்கிரீம் உருகியதும் திகட்டும் அளவுக்கு இனிப்பது இதனால்தான். ரெட் புல்லில் 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை, அதாவது 250 மில்லி கேனில் ஏறத்தாழ 27 கிராம். நல்ல குளிரில், நிறைய வாயுவோடு, கூடவே சிட்ரிக் அமிலமும் சேர்ந்து வரும்போது நாக்கு அந்த 27 கிராமை முழுதாகக் கணக்கில் எடுப்பதில்லை.

எல்லாச் சர்க்கரையும் குளிருக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதுமில்லை. பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸ் நீரில் பல வடிவங்களில் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றில் மிக இனிப்பான வடிவம் குளிரில் அதிகமாகவும் சூட்டில் குறைவாகவும் இருக்கும். அதனால் ஜில்லென்ற பானத்தில் ஃப்ரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையை நன்றாகவே முந்துகிறது, சூடான காபியில் அந்த முன்னிலை காணாமல் போகிறது. அமெரிக்கக் குளிர்பானங்களில் வழக்கமாகச் சேர்க்கும் சோளப்பாகில் பாதிக்குமேல் ஃப்ரக்டோஸ். பழச்சாற்றிலும் ஃப்ரக்டோஸ் கணிசம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஆப்பிள் ஜூஸ் அத்தனை பளிச்சென்று இனிப்பதில் இதற்கும் பங்குண்டு.

இனி பழம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு மாம்பழ எனர்ஜி டிரிங்கைக் குடியுங்கள். இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும், மாம்பழம் தெரியாது. மூக்கை விடுங்கள், தொண்டைக்குப் பின்னாலிருந்து மாம்பழம் வந்து சேரும். பழம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ஆவியாகும் சில மூலக்கூறுகள்தான். எத்தில் பியூட்டிரேட் ஆரஞ்சிலும் அன்னாசியிலும் புதுப்பழ மணத்தைத் தருகிறது. ஐசோஅமைல் அசிட்டேட் வாழைப்பழம். பல எனர்ஜி டிரிங்குகளில் வரும் பெயர் சொல்ல முடியாத அந்த மிட்டாய் வாசனையில் இதன் சாயல் அடிக்கும். ஃப்யூரனியோல் ஸ்ட்ராபெரியிலும் அன்னாசியிலும் மாம்பழத்திலும் இருக்கும். பாஷன் பழத்திலும் இளஞ்சிவப்புக் கொய்யாவிலும் கந்தகம் கொண்ட சில மூலக்கூறுகள் மிகச் சிறிய அளவில் இருந்து மொத்த வாசனையையும் தூக்கிப் பிடிக்கின்றன. இவை எதற்கும் பழம் தேவையில்லை, ஆலையில் செய்யலாம். இந்தியாவில் விற்கும் வாசனையூட்டிய குளிர்பானங்களின் லேபிளைத் திருப்பினால், பழம் இல்லை என்றும் வாசனைப் பொருள் சேர்க்கப்பட்டது என்றும் சின்ன எழுத்தில் இருப்பதைக் காணலாம்.

உண்மையான சாறு சேர்த்தால் என்ன ஆகும்? முதலில் வாய்க்குத் தெரிவது கனம். மாங்கூழில் உள்ள பெக்டினும் நுண்ணிய நாரும் நாக்கில் ஒரு வழுவழுப்பைத் தரும். செயற்கை வாசனையால் அதைத் தர முடியாது. ஆனால் அதே நார்த்துகள்கள் வாயுக் குமிழிகள் பிறக்கும் இடமாகிவிடுகின்றன. பானம் நிரப்பும்போதும் கேனைத் திறக்கும்போதும் நுரைத்துப் பொங்கும். சாறு நுண்ணுயிர்களுக்கும் நல்ல தீனி, ஆகவே சூடேற்றிப் பக்குவப்படுத்தவோ பதப்படுத்தும் பொருள் சேர்க்கவோ வேண்டும். எனவே வாயு ஏற்றிய பானத்தில் சாறு பொதுவாகக் குறைவாக, தெளிந்ததாக, செறிவிலிருந்து மீட்டதாக இருக்கும். முன்பக்கம் கொய்யாவும் பாஷன் பழமும் படமாக இருக்க, பின்பக்கப் பட்டியலில் ஆப்பிள் சாறோ வெள்ளைத் திராட்சைச் சாறோ முன்னால் நிற்பது சாதாரணம். அவை மலிவு, மணம் குறைவு. எந்தப் பழத்தின் வாசனையையும் மேலே ஏற்றிக்கொள்ளும்.

மாம்பழத்தில் நமக்கொரு நேரடித் தொடர்பு உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகளில் அரைபடுவது பெரும்பாலும் நாம் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லும் தோத்தாபுரி. கையில் எடுத்துச் சாப்பிட அல்போன்சாவோடு போட்டி போடாது. ஆனால் சதை அதிகம், விலை மலிவு. நிறத்துக்கும் மணத்துக்கும் வேண்டுமானால் அல்போன்சா கூழைச் சேர்த்துக்கொள்வார்கள். இந்தக் கூழ் வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் பெருமளவில் போகிறது. வெளிநாட்டு மாம்பழப் பானமொன்றைக் குடிக்கும்போது அடியில் லேசான மாங்காய்ப் புளிப்பும் பச்சை வாடையும் தட்டினால், அது தோத்தாபுரியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

எவ்வளவு சாறு என்பதைச் சட்டம் நாட்டுக்கு நாடு வெவ்வேறாகக் கேட்கிறது. சாறு இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் பானம் அதன் சதவீதத்தை அச்சிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. இந்தியாவில் பழப் பானம் என்று சொல்ல 10 சதவீதம் சாறு போதும், எலுமிச்சை வகைக்கு 5. செறிவில் தண்ணீர் சேர்த்து மீட்ட சாற்றை 100 சதவீதப் பழச்சாறு என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. அந்த உத்தரவு இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

இதுவரை பார்த்த பழங்கள் எதிலும் காஃபீன் கிடையாது. காஃபீனைத் தானே சுமக்கும் பழம் ஒன்று உண்டு. பிரேசிலின் அமேசான் காட்டில், மவேஸ் நகரத்தைச் சுற்றி விளையும் குவாரனா. கொடியில் குலையாகத் தொங்கும் சிவப்புப் பழம். முற்றியதும் தோல் பிளந்து, வெள்ளைச் சதைக்கு நடுவே பளபளக்கும் கறுப்பு விதை தெரியும். நூறு கண்கள் ஒன்றாக உற்றுப் பார்ப்பது போலிருக்கும். புதைக்கப்பட்ட ஒரு குழந்தையின் கண்ணிலிருந்து இந்தச் செடி முளைத்தது என்பது அங்கு வாழும் சத்தேரே-மவே மக்களின் தொன்மம். பயன்படுவது விதைதான். அதை வறுத்து, இடித்து, பிசைந்து, தடிபோல உருட்டிப் புகையில் உலர்த்துகிறார்கள். கல்போல இறுகிய அந்தத் தடியைத் தண்ணீரோடு சேர்த்து உரசிக் கரைத்துக் குடிக்கிறார்கள். உரசுவதற்குக் கல் உண்டு; பிரருக்கு என்ற ராட்சத ஆற்றுமீனின் எலும்பேறிய நாக்கும் உண்டு. காய்ந்த அந்த நாக்கு அரம்போலச் சொரசொரப்பானது. கரைத்த பானத்தில் சர்க்கரை இல்லை, பழ வாசனை இல்லை. கசப்பு, துவர்ப்பு, கொஞ்சம் புகை.

குவாரனா விதையில் காப்பிக்கொட்டையைவிடக் காஃபீன் அதிகம். 1826-இல் தியோடர் மார்ட்டியஸ் இதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அதற்குக் குவாரனின் என்று பெயரிட்டார். அது காப்பியில் ஏற்கெனவே கண்டறிந்த காஃபீன்தான் என்பது பிறகு தெரிந்தது. 1905-இல் லூயிஸ் பெரெய்ரா பார்ரெட்டோ என்ற மருத்துவர் குவாரனாவைப் பாகாக்கும் முறையைக் கண்டார். 1921-இல் குவாரனா அன்டார்க்டிகா வந்தது, பிரேசிலின் வீட்டு விருந்துகளில் இன்றும் இருக்கிறது. ஆப்பிளும் பெர்ரியும் கலந்தது போன்ற இனிய குளிர்பானம்; காஃபீன் கொஞ்சம்தான். சத்தேரே-மவே மக்களின் கசப்புக்கும் இந்தப் பாட்டிலின் இனிப்புக்கும் பொதுவானது பெயர் மட்டுமே என்று சொல்லிவிடலாம். அமெரிக்க, ஐரோப்பிய எனர்ஜி டிரிங்குகளின் லேபிளிலும் குவாரனாச் சாறு என்று எழுதியிருக்கும். இயற்கையானது என்ற எண்ணத்தை அது உண்டாக்கும். குவாரனாவின் காஃபீனும் தனியாகச் சேர்க்கும் காஃபீனும் உடலுக்கு ஒரே மூலக்கூறு.

இப்படிப்பட்ட பானங்களை ஒப்பிட வேண்டுமானால் முதலில் கண்ணை மூட வேண்டும். போர்தோவில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு, வாசனையில்லாத சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். படித்தவர்கள் மூக்கையே நிறம் இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே உள்ளிருப்பது தெரியாத, மூடி போட்ட டம்ளர்கள். பெயருக்குப் பதில் மூன்று இலக்க எண்கள். அ, ஆ என்று எழுதினால் முதலில் வருவது உசத்தி என்று மனம் நினைத்துவிடும். எல்லாம் ஒரே குளிரில். ஆளுக்கு ஆள் வரிசை மாற வேண்டும், ஏனென்றால் பாகுபோன்ற ஒன்றுக்குப் பிறகு வரும் எதுவும் புளிப்பாகத்தான் தெரியும். இடையில் வெதுவெதுப்பான தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட். விழுங்காமல் துப்புவது நல்லது. காஃபீன் தானே இனிப்புணர்வைக் கொஞ்சம் மங்க வைக்கிறது என்று கார்னெல் பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

கண்ணை மூடிச் சுவைத்தால் நாக்கும் மூக்கும் பலவற்றைச் சரியாகச் சொல்லும்: வாயு, அமிலம், கூழ் இருக்கிறதா இல்லையா, வைட்டமின் வாடை. ஒன்றை மட்டும் சொல்லாது. காஃபீனுக்குத் தனிச் சுவை உண்டு, அது கசப்பு. எனர்ஜி டிரிங்கில் பொதுவாக லிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவில் அது இருக்கிறது. வெறும் தண்ணீரில் கரைத்தால் லேசாகக் கசக்கும். 11 சதவீதச் சர்க்கரை, சிட்ரிக் அமிலம், மாம்பழ வாசனை எல்லாம் மேலே ஏறியதும் முழுதாக மறைந்துவிடும். காப்பியில் கசப்பை வைத்து டிகாக்ஷன் ஸ்ட்ராங்கா இல்லையா என்கிறோம். அந்தக் கசப்பிலும் பெரும்பகுதி வறுக்கும்போது உண்டாகும் வேறு பொருள்களுடையது. இருந்தாலும் அது ஓர் எச்சரிக்கையாக நின்று, குழந்தைகளைக் காப்பி டம்ளரிலிருந்து விலக்கி வைத்தது. பழச்சுவை அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டது. எனக்கு இந்தப் பானங்களின் மீதுள்ள ஆட்சேபம் இதுதான்.

எனர்ஜி என்ற சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று சர்க்கரை தரும் கலோரி. இங்கிலாந்தின் லூகோசேட் 1927-இல் நியூகாசிலில் பிறந்தது இதற்காக. நோயாளிகளுக்கு எளிதில் ஜீரணமாகும் குளுக்கோஸ் பானம். 2018-இல் வந்த சர்க்கரை வரியை முன்னிட்டு அதன் சர்க்கரையைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். அப்போது, ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கினால் அதை நம்பிக் குடித்துவந்த நீரிழிவு நோயாளிகள் தங்கள் அளவை மாற்ற வேண்டியிருந்தது. வரி தொடாதது சர்க்கரை சேர்க்காத பழச்சாற்றை. ஆரஞ்சுச் சாற்றில் 100 மில்லிக்கு 8 முதல் 10 கிராம் சர்க்கரை, திராட்சைச் சாற்றில் 15 கிராம் அளவுக்கு. உலக சுகாதார நிறுவனம் சாற்றின் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கிறது.

இரண்டாவது, விழிப்பு. அது எரிபொருள் அல்ல. நாள் முழுக்க மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே வந்து, ஏற்பிகளில் அமர்ந்து, அசதியைச் சொல்கிறது. காஃபீன் அந்த ஏற்பிகளில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் குறைவதில்லை, அதன் குரல் கேட்காமல் போகிறது. குடித்த காஃபீனில் பாதி வெளியேறப் பெரியவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்.

காஃபீன் அளவை ரெட் புல் 250 மில்லியில் 80 மில்லிகிராமாக வைத்திருக்கிறது. மான்ஸ்டர் 473 மில்லியில் சுமார் 160. கனடா ஒரு கேனுக்கு 180 என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறது. அமெரிக்காவில் சேர்த்த காஃபீனைப் பட்டியலில் சொன்னால் போதும், அளவைச் சொல்லச் சட்டம் வற்புறுத்துவதில்லை. பல நிறுவனங்கள் தாமாக அச்சிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று அளவோடு எழுத வேண்டும். லித்துவேனியா 2014-இலும் லாட்வியா 2016-இலும் போலந்து 2024 ஜனவரியிலும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதையே தடை செய்தன.

இந்தியச் சட்டம் இவற்றைக் காஃபீன் சேர்த்த பானம் என்று வகைப்படுத்துகிறது. காஃபீன் லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் குறையாமல், 300-க்கு மிகாமல் இருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்ற வரியும் லேபிளில் கட்டாயம். விற்பதற்கு வயது வரம்பு இல்லை. 20 ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் சிவப்பாகத் தொங்கும் பாட்டிலைப் பள்ளி விட்டு வரும் பிள்ளை வாங்குகிறது, அந்த வரி ஆங்கிலத்தில் இருக்கிறது.

கணக்கு எளிது. குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வகுத்த ஒரு நாள் அளவு. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 90 மில்லிகிராம். லிட்டருக்கு 300 என்ற உச்ச அளவில் தயாரான 250 மில்லி பாட்டிலில் 75 இருக்கும். மீதி 15. வீட்டுக்கு வந்ததும் தரும் ஒரு டம்ளர் டீயிலேயே அந்த 15 தாண்டிவிடும்.